அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த படம்

என் கண்ணே,

மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கூடத்தில் உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குச் சமையற்கட்டிலிருந்து கடுதாசி எழுதுகிற அம்மாவை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது, நான் வாயைத் திறந்தால் நீ கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாய். பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர்தான் யோசனை சொன்னார். "உங்க பேச்சுல முற்றுப்புள்ளியே கிடையாதுங்க. எழுதிக் குடுங்க, அவன் நடுவுல மூச்சாவது விடுவான்" என்றார். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மரத்தடியில் படித்த எழுத்து இது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை உன் ஸ்வெட்டருக்குள் வைத்துச் சுருட்டப் போகிறேன். வண்டி சென்ட்ரலை விட்டுப் போய், குளிர ஆரம்பித்த பிறகுதான் உன் கையில் அகப்படும். அப்போது நீ எழுந்து போக முடியாது.

இன்று காலையில் பால் திரிந்துபோனது. சாமி விளக்கில் எத்தனை எண்ணெய் விட்டாலும் திரி நிற்கவில்லை. கொல்லையில் அந்தக் கருப்புப் பூனை துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து உன் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், வெயில் காலத்தில் பால் திரியத்தான் செய்யும், பூனை எங்கேயாவது பார்க்கத்தான் செய்யும் என்பாய். நீ போகிற பனிமலையில் மரம்கூட முளைக்காதாம், மாதக்கணக்கில் பாதை அடைத்துப் போகுமாம், உன் சிநேகிதன் சேவியர் சொன்னான். இந்தத் தடவை அவனும் கூட வரவில்லை. வேலையையும் விட்டுவிட்டாய். போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லுகிற காலம் ஒன்று இருந்தது, அது அந்த ஆற்றங்கரையோடு முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் உனக்குப் புரியாது, சின்ன விஷயம் என்று நினைத்துக்கொள்வாய்.

உன் கலா நம்மை விட்டுப் போன அந்த வருஷத்தைப் பற்றி நான் பேசினால் உனக்குப் பிடிக்காது. ஆனாலும் அங்கிருந்து தொடங்காமல் முடியவில்லை. அந்த ஐப்பசி மழையில் சிட்லபாக்கம் ஏரி நிரம்பி நம் தெருவுக்குள் வந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் நின்று வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டினாள். "ஏரிக்கு நம்ம வீடு ரொம்பப் புடிச்சிருக்கு போல அத்தை, விருந்தாளி மாதிரி வந்து ஒக்காந்துக்கிச்சு" என்று சிரித்தாள். அந்த வாரமே காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். தெருவில் தண்ணீர் வடிவதற்குள் அவளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நடந்துதான் பாடையைக் கொண்டு போனார்கள். வந்த விருந்தாளி அவளைக் கூட்டிக்கொண்டுதான் போனது என்று நான் அப்போதே நினைத்தேன், வெளியில் சொல்லவில்லை.

நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஆபீசுக்குக் கிளம்புகிறேன் என்று குளித்து, சட்டை போட்டு, டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டு போவாய். பிறகுதான் தெரிந்தது, பாதி நாள் ஆபீசுக்குப் போவதே இல்லையாம். தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷனுக்குப் போய், அதே வண்டியில் திரும்பி, மறுபடியும் ஏறி, சாயங்காலம் வரைக்கும் எலக்ட்ரிக் ட்ரெயினிலேயே உட்கார்ந்திருப்பாயாம். டிக்கெட் கேட்கிறவர்களுக்குக்கூட உன் முகம் பழகிவிட்டதாம். கொடுத்த சோறு அப்படியே திரும்பி வரும். நான் அதைக் காக்காய்க்கு வைப்பேன். காக்காய் தொடாது. நம் வீட்டுக் காக்காய் எதையும் விடாது என்று உனக்குத் தெரியும், அது உன் சோற்றை மட்டும் தொடாது. அந்த நாட்களில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. மாடம்பாக்கம் கோயிலுக்கு வெறும் காலோடு நடந்து போய் வந்தேன். அந்தப் பக்கம் சர்ச்சில் எஸ்தர் டீச்சரை மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னேன். யார் கேட்டாலும் சரி என்று இருந்தேன்.

தலை திவசம் வந்தது. உங்கப்பா படத்துக்குப் பக்கத்தில் கலாவுக்கு ஒரு படம் மாட்ட வேண்டும் என்று ஆணியும் அடித்தாயிற்று. பார்த்தால், வீட்டில் அவள் தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண ஆல்பத்தை அவள் அம்மா ஆரணிக்குக் கொண்டு போய்விட்டார். அவள் அண்ணன் துபாயிலிருந்து கல்யாணத்துக்குக் கொண்டு வந்த கேமரா பீரோவிலேயே கிடந்தது. "குழந்தை பொறந்தப்பறம் எடுத்துக்கலாம், இப்ப என்னத்துக்கு பிலிமை வீணாக்கறது" என்று அவள்தான் பூட்டி வைத்தாள். நீங்கள் இரண்டு பேரும் மாலையோடு நிற்கிற படம் ஒன்றுதான் மிச்சம். அதை எடுத்துக்கொண்டு தாம்பரம் மார்க்கெட் பக்கம், உங்கப்பா படத்தைச் சட்டம் போட்ட அதே கடைக்குப் போனேன். போனவள் சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வழக்கம்போல வாயைத் திறந்தேன். என் பிள்ளை இப்படி இருந்தான், அப்படி இருந்தான், சாப்பிடாமல் இளைத்துப் போய்விட்டான் என்று ஆரம்பித்து, கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டார், சோடா வாங்கிக் கொடுத்தார். "இன்னாம்மா பண்றது, சின்ன வயசா கீது பாவம். நல்லா பண்ணிக் குடுக்கறேன், அழுவாம போ" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சொன்ன நாளில் போய் வாங்கிக்கொண்டு வந்து, சாமி ரூமில் வைத்துப் பேப்பரைப் பிரித்தேன். உள்ளே நீ இருந்தாய்.

இரண்டு பேர் இருக்கிற படத்தில் யாரைத் தனியாக எடுக்க வேண்டும் என்று நான் விரல் வைத்துக் காட்டவே இல்லை போலிருக்கிறது. பெற்றவள் வந்து பிள்ளையைச் சொல்லிச் சொல்லி அழுதால் அந்தத் தொழிலில் இருக்கிறவர் வேறென்ன நினைப்பார். நான் அன்றைக்குக் கலாவுக்காக அழவில்லை, உனக்காகத்தான் அழுதேன். அதை அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். படத்தைப் பெரிதாக்கி, கழுத்திலிருந்த கல்யாண மாலையைத் தூரிகையால் அழித்து, அதன் இடத்தில் சட்டைக் காலர் வரைந்திருந்தார்கள். சட்டத்துக்கு மேலே சந்தன மாலை போட்டு, கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு வைத்து, நெற்றிக்கு நேரே கண்ணாடியில் குங்குமமும் வைத்திருந்தார்கள். உன் இடது தோளின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கலாவின் பட்டுப்புடவைக் கரை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அழிக்க மறந்துவிட்டார்கள். கரை மட்டும்தான், ஆள் இல்லை. பக்கத்தில் யாரோ நெருங்கி நிற்கிறது மட்டும் தெரிந்தது.

கடைக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். பாவம் அந்த மனுஷர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொண்டு வாங்கம்மா, அதே சட்டத்தில் மருமகள் படத்தைப் போட்டுத் தருகிறேன் என்றார். உனக்குப் போட்ட சட்டத்தில் அவளை மாற்றிப் போடுவதற்கு எனக்கு மனசு ஒப்பவில்லை. மாடம்பாக்கம் குருக்களைக் கேட்டேன். "காகிதத்துக்கு என்னம்மா தெரியும், மாலையைக் கழட்டிட்டு கூடத்துல மாட்டுங்கோ, பையன் நன்னா இருப்பான்" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறவன் படத்தை எரிக்கலாமா, ஏரியில் போடலாமா, கண்ணாடியை உடைக்கலாமா? கடைசியில் என் பழைய புடவையில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஒவ்வொரு வேளையும் அரிசி அள்ளப் போகும்போது அது அங்கே இருக்கிறது என்று முதுகுக்குத் தெரியும். திவசத்தன்று கல்யாணப் படத்தையே பலகையில் வைத்து, உன் பாதியைத் துண்டால் மூடிவிட்டு அவளுக்கு மட்டும் விளக்கு காட்டினேன். நீ அந்த மூடின பாதியையே பார்த்துக்கொண்டிருந்தாய். சாயங்காலம் கலாவின் அம்மா அழுதுகொண்டே அந்தப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஏன் உன்னிடம் அப்போது சொல்லவில்லை என்று நீ பிறகு கேட்டாயே, இப்போது சொல்கிறேன். உனக்குப் பயம் வரும் என்று நான் நினைக்கவில்லை. நீ சந்தோஷப்பட்டுவிடுவாயோ என்றுதான் பயந்தேன்.

அந்த வாரம்தான் சேவியர் உன்னைத் தேடிக்கொண்டு வந்தான். கிழக்குத் தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்து, செருப்போடு உள்ளே நுழைந்து, என்னிடம் திட்டு வாங்கி, வெளியே போய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். ஆபீசில் உன் பக்கத்து மேஜைக்காரன். பறவை பார்க்கிற பைத்தியம் பிடித்தவன். "வேடந்தாங்கல் வரைக்கும் வாடா. நீ பேச வேணாம், அங்க கொக்கு பேசும், கேட்டுக்கினு இரு" என்றான். நீ பீரோவைத் திறந்து அந்தக் கேமராவை எடுத்தாய். கலா பூட்டி வைத்ததற்கப்புறம் அதை யாரும் தொட்டதில்லை. திரும்பி வந்தபோது உன் கால் முழுக்கச் சேறு, முகம் கறுத்திருந்தது, இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். நான் சமையற்கட்டில் போய் அந்த டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நல்லது நடந்தால்கூட எனக்கு அங்கேதான் பார்க்கத் தோன்றியது.

அதற்கப்புறம் நீ நிற்கவில்லை. கொல்லிமலை போனாய், முதுமலைப் பக்கம் போனாய், பிறகு பெயர்கூட எனக்கு வாயில் வராத காடுகள். லீவு எல்லாம் அதற்கே போனது. அட்டை கடித்த ரத்தத்தோடு வருவாய், ஆனால் தூங்குவாய். படங்களைக் கழுவி வாங்கி வந்து கூடத்தில் தரை முழுக்கப் பரப்புவாய். மரம், பாறை, மூட்டம், தண்ணீர். ஒன்றில்கூட மனுஷர் கிடையாது. "ஒரு ஆட்டுக்காரனாவது நிக்கக் கூடாதாடா" என்று கேட்டதற்கு, ஆள் இல்லாத இடத்துக்குத்தானே போகிறேன் என்றாய். நான் அதிகம் படிக்காதவள், ஆனால் படங்களைப் பார்க்கத் தெரியும். முதலில் எடுத்ததில் தண்ணீர் தூரத்தில் இருந்தது. அடுத்த தடவை கொஞ்சம் பக்கத்தில். பிறகு எடுத்ததில் கரையே இல்லை, தண்ணீர்தான் படத்தின் அடி விளிம்பு. அதை எடுத்தவன் எங்கே நின்றிருப்பான் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கால் கூசியது.

இன்னொன்றும் இருந்தது. படங்களின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழ ஆரம்பித்தது. வெளிறிப்போன செம்மண் நிறத்தில், ஒரு விரல் அகலத்துக்கு. எல்லாப் படத்திலும் இல்லை. நல்ல மூட்டமாக இருக்கிற படங்களில் அது தெளிவாக இருக்கும். சேவியர் பார்த்துவிட்டு, கேமராவின் பின்கதவு ஓரத்தில் இருக்கிற பஞ்சு இற்றுப் போய்விட்டது, அதன் வழியாக வெளிச்சம் உள்ளே பூந்துவிடுகிறது, மவுண்ட் ரோட்டில் கொடுத்தால் ஒரே நாளில் சரி பண்ணிவிடுவார்கள் என்றான். நீ இருக்கட்டும்டா என்றாய். அவன் போன பிறகு ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய். "பொடவைக் கரை மாதிரி இருக்குல்லம்மா." அப்போது நீ அந்தச் சட்டம் போட்ட படத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அடுப்பில் ஏதோ காய்கிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மேற்கே, பாபநாசத்துக்கு மேலே இருக்கிற காட்டுக்கு நீயும் சேவியரும் போனது அதற்கடுத்த மழையில். நீ கிளம்பும்போது வாசலில் விளக்கு வைக்கிற நேரம். யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பாதே, மூன்றாவது தடவைதான் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நீ தலையை ஆட்டினாய். அடுத்து எனக்கு வந்த சேதி எஸ்தர் டீச்சர் வீட்டுப் போனில் வந்தது. சேவியர் பேசினானாம், பஸ் ஏறிவிட்டானாம், என்ன என்று சொல்லவில்லையாம். தெற்கேயிருந்து வருகிற பஸ்கள் எல்லாம் விடிகிற நேரத்தில் பெருங்களத்தூர் தாண்டி வரும். அவன் நம் வாசலில் வந்து நின்றபோது கோலம் பாதியில் இருந்தது. அவன் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அவன் அன்றைக்குத் தானாகவே செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தான். அதிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

சாயங்காலம் நீ மட்டும் படம் எடுக்க ஆற்றுக்குப் போனாயாம். மேலே எங்கேயோ மழை பெய்து, சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்துவிட்டதாம். காட்டு இலாகா ஆட்கள் கரையெல்லாம் தேடியும் நீ அகப்படவில்லையாம். "அக்கரையில மாட்டிக்கினு இருப்பாம்மா, தண்ணி எறங்கினா வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே அவன் மஞ்சள் பையைக் கீழே வைத்தான். அதில் உன் ரப்பர் செருப்பு இருந்தது. கரையில் எங்கேயாவது கிடந்ததா என்று கேட்டேன். "கெடக்கலம்மா, ஒரு பாறை மேல பக்கத்துல பக்கத்துல நேரா வச்சிருந்தான்" என்றான். அவனுக்கு அது ஒன்றும் இல்லை. எனக்கு அது போதும். சின்ன வயதிலிருந்து நீ வாசலில் செருப்பை நேராக விட்டதே இல்லை. ஒன்று துளசி மாடத்துக்கிட்டே, ஒன்று படிக்குக் கீழே. உங்கப்பா அடித்தும் பார்த்தார், கலா கெஞ்சியும் பார்த்தாள். நீ ஒரு தடவை நேராக விட்டிருக்கிறாய் என்றால், அதை மறுபடியும் போட்டுக்கொள்கிற நினைப்பு உனக்கு இல்லை.

அடையாளம் காட்ட ஒரு படம் வேண்டும் என்று ஸ்டேஷனில் கேட்டிருந்தார்கள். சேவியர் வீடு முழுக்கத் தேடினான். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குப் படம் ஏது. நான் சமையற்கட்டுக்குப் போய் டிரம்மை நகர்த்தி, புடவையைப் பிரித்து, அதைக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். சந்தன மாலையைப் பார்த்ததும் அவன் சிலுவை போட்டுக்கொண்டான். "என்னம்மா இது, எப்ப செஞ்சீங்க" என்றான். அப்போதுதான் முதல் முதலாக ஒருவரிடம் அந்தக் கதையைச் சொன்னேன், ரொம்பச் சுருக்கமாக. என் வாழ்க்கையிலேயே நான் சுருக்கமாகச் சொன்ன கதை அது ஒன்றுதான். தோசைத் திருப்பியால் பின்பக்க ஆணிகளை நெம்பி எடுத்தேன். மாலையை அறுத்தேன். கண்ணாடியை எடுக்கும்போது உள்ளங்கையில் கீறிவிட்டது, அந்த ரத்தம் படத்தின் முதுகில் ஒரு பொட்டாக விழுந்தது. துடைக்கவில்லை. நானும் வருகிறேன் என்று அவனோடு பஸ் ஏறினேன். செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே நான் போனது அதுதான் முதல் தடவை. போகிற வழியெல்லாம் அந்தப் படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், குழந்தையை மூடி வைக்கிற மாதிரி. எந்தச் சாமி பெயரும் வாயில் வரவில்லை. கலாவிடம்தான் பேசிக்கொண்டு போனேன். அவனை விட்டுக் கொடு என்று கேட்டேன். உனக்குத்தான் ஏரி இருக்கிறதே, அவனை எனக்குக் கொடு என்று கேட்டேன்.

அந்தக் காட்டைப் போல நான் ஒன்றைப் பார்த்ததில்லை. பகலிலேயே விளக்கு வைக்கிற வெளிச்சம். ஆறு போகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்காது. தண்ணீர் கலங்கி, மரத்தை எல்லாம் வேரோடு புரட்டிக்கொண்டு போயிற்று. கரையில் நின்று பார்த்தபோது ஒன்று புரிந்தது, அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் போலவும் இருந்தது. நீ ஏன் திரும்பத் திரும்பப் போகிறாய் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது. தெரிந்ததும் பயம் இன்னும் கூடிவிட்டது.

வெள்ளம் கொஞ்சம் இறங்கிய பிறகு, கீழே அந்த மலை ஜனங்கள் வழக்கமாகக் கடக்கிற இடத்தில் கயிறு பிடித்துக்கொண்டு, மலையில் குடியிருக்கிற காணிக்காரர் ஒருவர் இந்தக் கரைக்கு வந்தார். வன ஊழியர் அவரிடம் படத்தைக் காட்டினார். அவர் அதைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கட்டை விரலால் உன் தாடையை மறைத்துப் பார்த்தார். "இவுகளா? தாடி இல்லாம வச்சிருந்தா எப்படித் தெரியும்? எங்க குடிசையில மரவள்ளிக்கெழங்கு தின்னுக்கிட்டு கெடக்காவ, காலு வீங்கிப்போயி" என்றார். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ அக்கரையில் வந்து நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கழுத்தில் கேமராவோடு. நான் எழுந்து வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்ட ஆரம்பித்தேன், ஆற்றுச் சத்தத்தில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. நீ கேமராவைத் தூக்கி என்னைப் படம் எடுத்தாய். உன் படங்களில் ஆள் வந்தது அதுதான் முதல் தடவை. அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று பல தடவை சொல்லிவிட்டேன். வாய் கோணியிருக்கிறது, தலை அவிழ்ந்திருக்கிறது, முழங்கால் வரை சேறு, கையில் உன் படம். என் பக்கத்தில் அந்தக் கோடும் விழுந்திருக்கிறது. முன்பென்றால் அதைப் பார்த்து நடுங்கியிருப்பேன். இப்போது, அவளும் என்னோடு கரையில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வருகிற வழியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோமே, அந்த டீக்கடையில் சேவியர் பழம் வாங்கப் போன நேரத்தில்தான் உன்னிடம் கேட்டேன். அதைக் கேட்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் நான் ஒரு நாளும் தூங்கியிருக்க மாட்டேன்.

"திரும்பி வர்ற எண்ணத்தோடதான் ஆத்துல எறங்கினியா?"

நீ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாய். டீயில் ஆடை கட்டிவிட்டது.

"எறங்கும்போது இல்லம்மா" என்றாய். "அக்கரை போனப்பறம் இருந்துச்சு."

"அங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. காலு பெரண்டுடுச்சு, ஒக்காந்துட்டேன். விடியறப்ப மூட்டத்துக்குள்ள வெளிச்சம் வந்துச்சு, நான் எடுக்கறதுக்குள்ள போயிடுச்சு. நாளைக்கு எப்படி வருதுன்னு பாத்துடணும்னு தோணுச்சு. மறுநாளும் சரியா வரல. அதுக்கு மறுநாள் பாக்கணும்னு இருந்துச்சு."

அவ்வளவுதான் நீ சொன்னது. நான் சாமியிடம் கேட்டதெல்லாம் பெரிய பெரிய விஷயம். உன்னைப் பிடித்து நிறுத்தியதோ சரியாக வராத வெளிச்சம். கோபமாகக்கூட இருந்தது எனக்கு. பெற்றவள் செய்ய முடியாததை மூட்டம் செய்துவிட்டதே என்று. பிறகு பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய். குறட்டை விட்டாய். அப்போதுதான் அந்தக் கோபம் போனது.

அதனால்தான் போகாதே என்று நான் சொல்வதில்லை. காடு உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நீ இப்போது பேசுகிறாய், எஸ்தர் டீச்சரை ஜிமிக்கியோடு படம் எடுத்துக் கொடுத்தாய், கீரைக்காரியை எடுத்தாய், காக்காய்கூட உன் சோற்றைத் தின்கிறது. ஆரணிக்கு எழுதிக் கல்யாணப் படத்தை வாங்கி, அதே கடையில் கலாவுக்குச் சட்டம் போட்டேன். இந்தத் தடவை விரல் வைத்துக் காட்டினேன். அவள் தோளின் ஓரத்தில் உன் சட்டை ஒரு விரல் அகலத்துக்கு வந்திருக்கிறது. வெட்டிவிடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படம் வெறும் காகிதம் என்று குருக்கள் சொன்னதை நான் இன்னும் நம்பவில்லை. நம்பாமலேயே கலா படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஆனால் காடு எதையும் சும்மா கொடுக்காது என்றும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆற்றின் சத்தம் சில நாள் மிளகாய் அரைக்கும்போது அம்மியில் கேட்கிறது. நீ போகிற இடத்தில் ஆறு கூட இல்லை, பனிதானாம். அது சத்தமே போடாதாம். சத்தம் போடாததை நான் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால் சொல்கிறேன். எங்கே போகிறாய் என்று ஒரு மனுஷரிடமாவது சொல்லிவிட்டுப் போ. அங்கே இருக்கிறவர்கள் போகாதே என்று சொல்கிற இடத்துக்குப் போகாதே, அவர்கள் சாமிக்குப் பயந்து சொன்னாலும் சரி. கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்ப வேண்டும், அதை மறந்துவிடாதே. வெளிச்சம் நன்றாக இருக்கிற இடத்தை விட்டு ஓர் அடி பின்னால் நின்று எடு. படம் கொஞ்சம் சுமாராக வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், எனக்கு எல்லாம் ஒன்றுதான். ரத்தப் பொட்டு வைத்த உன் பழைய படத்தை இந்தக் கடுதாசியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதைக் கூடவே வைத்துக்கொள். ஒரு தடவை உன்னைக் கண்டுபிடித்த படம் அது. பழகின வழி அதற்குத் தெரியும்.

கடைசியில் கேட்கிறேன் என்றேன் அல்லவா, அதையும் கேட்டுவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் நீ கடைக்குப் போய்விட்டு வந்தபோது நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். உன் செருப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், படிக்கு நேராக இருந்தது. தற்செயலாக விழுந்திருக்கும். உன்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ உள்ளே போன பிறகு என் காலாலேயே ஒன்றைத் தள்ளித் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் விட்டேன். எங்கே போனாலும், எந்த மலையில் எவர் வீட்டு வாசலில் கழற்றினாலும், ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயுமாக விடு. நான் பெற்ற பிள்ளை எப்படி விடுவானோ அப்படி விடு. திரும்பி வந்து நம் வாசலிலும் அப்படியே உதறிவிட்டு உள்ளே வா. நான் திட்டிக்கொண்டே எடுத்து நேராக வைக்கிறேன்.

அம்மா